சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் இடங்கள்

ஏப்ரல் 25, கரூர்

இந்த நோட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தொப்பியும் தண்ணீர் பாட்டிலும். "மனசுல பட்டதை எல்லாம் எழுதும்மா, யாரும் படிக்க மாட்டோம்" என்றார் ஜெசிந்தா மேடம். யாரும் படிக்கப் போவதில்லை என்றால் எதற்கு எழுதச் சொல்கிறார்கள்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடம், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், எங்கள் வீட்டுக்கு வந்தபோது காபியைப் பாதியில் வைத்தீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அது அம்மா போட்ட காபி.

விஷயம் இதுதான். ‘தோள்’ என்று ஓர் அமைப்பு. அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து ஒரு வாரம் எங்காவது கூட்டிப் போகிறார்கள். இந்த முறை கொல்லிமலை. வண்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகத்தான் இருக்க வேண்டும். எங்களை வீடியோ எடுத்து எவரிடமாவது காட்டுவார்கள். கேமராவைக் கண்டால் நாக்கைத் துருத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் என் பெரிய சந்தேகம் அவர்கள்மேல் இல்லை. பத்தாம் வகுப்பில் மைசூர் டூருக்கு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தும் அனுப்பாத அம்மா, இந்த டூருக்குத் தானாகவே என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

"போய்ட்டு வா கண்ணு. பரீச்சையும் முடிஞ்சுது. மனசுக்கு ஒரு மாத்தமா இருக்குமல்லோ" என்றாள்.

"யார் மனசுக்கு?" என்று கேட்டேன்.

அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 26

செங்கோடன் மாமா இன்றும் வந்தார். ஒரு பை தக்காளி. தக்காளி கொடுக்க அரை மணி நேரம் ஆகுமா?

அவர் அப்பா வேலை பார்த்த பஸ்ஸின் டிரைவர். அப்பா கண்டக்டர். ஒரே பஸ்ஸில் அத்தனை வருடம். அப்பா போன ஆவணியில் ஓடும் பஸ்ஸிலேயே, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதற்குப் பிறகு மாமா வருவது கூடிக்கொண்டே போகிறது. அவருடைய பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் வருடக்கணக்காகிறது. அம்மாவைத் தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுகிறவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நான் உள்ளே நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். "வெயிலு இந்த வருசம் சாஸ்தி" என்றார் மாமா.

கீழ்வீட்டு அக்கா போன வாரம் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "உங்கம்மாளுக்கும் வயசு இருக்குதல்லொ தாரணி. எத்தன நாளைக்குத் தனியாவே இருப்பா?" அப்போது எனக்குக் காது எரிந்தது. இப்போது எல்லாம் புரிகிறது. அம்மா இந்த ஆளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். நான் இருந்தால் ரகளை செய்வேன் என்று என்னை மலை ஏற்றுகிறாள். நான் திரும்பி வரும்போது அப்பாவின் சட்டை மாட்டும் ஆணியில் வேறு சட்டை தொங்கும்.

ஏப்ரல் 27

இன்று சாட்சி கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டாக.

அம்மாவின் கட்டைப்பையில் புது நைட்டிகள். முன்பக்கம் பட்டன் வைத்தவை, பூப்போட்டவை. மூன்று வருடமாக ஒரே நைட்டியை ஒட்டுப்போட்டு உடுத்துகிறவள் அம்மா.

இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. அம்மா மூக்குத்தியைக் கழற்றிவிட்டாள். ஆசாரியிடம் போய்த் திருகிக் கழற்றியிருக்கிறாள். அப்பாவின் காரியத்தன்று அத்தைமார்கள் எல்லோரும் கூடி நின்று கழற்றச் சொன்னார்கள். அன்று அம்மா, "இது அவுரு போட்டது. என்ன பொதைக்கறப்பக் கழட்டிக்கங்க" என்று சொன்ன சொல்லில் கூட்டமே வாயை மூடிக்கொண்டது. அந்த மூக்குத்தி. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளிதான் இருக்கிறது.

"ஏம்மா கழட்டினே?"

"மொகங் கழுவறப்பக் குத்துது கண்ணு."

இருபது வருடம் குத்தாதது இப்போது குத்துகிறதாம். வேறு ஒருவர் புதிதாக வாங்கித் தருவார் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் அம்மா விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து தன் துணிகளைத் தனியாகத் துவைத்துக் காயப்போட்டுவிடுகிறாள். இதற்கும் கல்யாணத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பேன்.

ஏப்ரல் 28, கொல்லிமலை

வேன் ஏற்றிவிட மாமாவும் வந்திருந்தார், பெரிய உறவுக்காரர் மாதிரி. என் பெட்டியைத் தூக்க அம்மா குனிந்ததும், "நீ தூக்காத, நீ தூக்காத" என்று பதறி வாங்கிக்கொண்டார். பெட்டியில் இருப்பது நாலு சுடிதாரும் ஒரு டப்பா முறுக்கும். புது மாப்பிள்ளைக்கு எவ்வளவு கரிசனம்.

வேன் நகரும்வரை அம்மா ஜன்னல் வழியாக என் கையை விடவில்லை. நான்தான் உருவிக்கொண்டேன்.

மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் வாந்தி. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் என் முறுக்கில் ஒன்று எடுத்துத் தின்றாள். பெயர் இசக்கிப்ரியா. அம்பாசமுத்திரம். அவள்தான் என் அறைத் தோழி என்று விதி எழுதியிருக்கிறது. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லையாம். ஆனால் சிரிக்கிறாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள். மேடம் எங்களை வேவு பார்க்க வைத்த ஆளோ என்று தோன்றுகிறது. இவளிடம் எதுவும் பேசுவதாக இல்லை.

செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஓட்டு விடுதியில் தங்கியிருக்கிறோம். சுற்றிலும் மிளகுக் கொடி, பலா மரம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் தருவார்களாம். தந்தாலும் சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

ஏப்ரல் 29

காலையில் மேடம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைக்க விசில் அடித்தார். அப்பா பஸ்ஸில் ஊதும் அதே சத்தம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். எனக்குத் திடீரென்று தலைவலி வந்ததால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தலைவலி மட்டும்தான். இசக்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

மத்தியானத்திலிருந்து மேடம் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார். விசிலை யாரோ திருடியிருக்க வேண்டும்.

சாயங்காலம் பலா மரத்தடியில் வட்டமாக உட்காரவைத்தார்கள். அழவைக்கப் போகிறார்கள் என்று நான் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மேடம் கேட்டது வேறு. "உங்களுக்கு யார் வந்து சொன்னாங்க? என்ன சொன்னாங்க? அதை மட்டும் சொன்னாப் போதும்."

ஒருவன், "ஸ்கூல்ல கூப்ட்டு, அப்பாவுக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போன்னாங்க" என்றான். இன்னொருத்தி, "பெரியம்மா வீட்டுல விசேஷம்னு கூட்டிப் போனாங்க. வாசல்ல பந்தல் பார்த்ததும் நெசமாவே விசேஷம்னு நெனச்சேன்" என்றாள். லேசாக அடி பட்டிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டுத் தூங்குகிறார் என்றார்கள். சும்மாதான், ஒன்றுமில்லை என்றார்கள். வட்டம் என் பக்கம் சுற்றி வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த ஒருவரிடமும் ஒருவரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. ஊரே தெரிந்துகொண்ட பிறகு, கடைசியில்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என் முறை வந்தபோது, "ஞாபகமில்லை" என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. மேடம், நீங்கள் படித்தாலும் படித்துத் தொலையுங்கள். என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போக வந்தவர் செங்கோடன் மாமா. "அப்பாவுக்கு லேசா மயக்கம் கண்ணு, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். வழியில் வண்டியை நிறுத்தி, "சும்மாதான் கண்ணு" என்று ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தேன். சப்ஜா விதைகூட மிச்சம் வைக்கவில்லை. அப்போது அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அது அந்த மனுஷனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ரோஸ்மில்க் குடிப்பதில்லை. ‘சும்மாதான்’ என்று எவர் சொன்னாலும் நம்புவதும் இல்லை.

ஏப்ரல் 30

ஆகாய கங்கை அருவிக்குப் போனோம். இறங்கும்போது சொர்க்கம், ஏறும்போது நரகம். அருவி நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் தொட்டி மேட்டிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சாப்ட்டயா கண்ணு? குளுராதிருக்குதா? சொட்டரு போட்டுக்க."

"நீ சாப்பிட்டியா?"

"இன்னைக்கு விரதஞ் சாமி. வெறும் தண்ணிதான்."

புதன்கிழமை. அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை, பிரதோஷம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் விரதம் இருப்பார்கள். அம்மாவின் குரல் வேறு பெரிய மண்டபத்துக்குள் பேசுவதுபோல் கணகணவென்று கேட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படிக் கேட்காது.

"எங்கம்மா இருக்கே?"

"வூட்லதான். வேற எங்க போறேன்?"

"மாமா வந்தாரா?"

கொஞ்சம் தாமதித்து, "இல்லையே" என்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும். செங்கோடன் மாமாவின் பீடி இருமல்.

திரும்பி வரும்போது ஜெசிந்தா மேடம் விடுதியின் லேண்ட்லைனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்கு எதுவும் தெரியாது, நீங்க நிம்மதியா இருங்க" என்றார். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். அப்படியானால் மேடமும் இதில் கூட்டு. என்னை ஒரு வாரம் மலையில் பிடித்துவைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

இசக்கி அறையில், "என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மே 1

இன்று சாயங்காலம் அம்மாவின் போனை செங்கோடன் மாமா எடுத்தார்.

அம்மாவின் போனை. அவர்.

"அம்மா தூங்கறா கண்ணு. நாளைக்குப் பேசச் சொல்றேன்."

"இந்நேரத்துல என்ன தூக்கம்? எழுப்புங்க."

"அசந்து தூங்கறா, எழுப்பக் கூடாது. ஒண்ணுமில்ல, சும்மா அலுப்புத்தான்."

சும்மா. அதே வாய், அதே சொல். அப்போது பின்னால் கோகிலா சித்தியின் குரல் கேட்டது. அம்மாவின் சொந்தத் தங்கை. சித்தியும் கூட்டு. "சரிங்ண்ணா, நான் போய்ட்டு வ..." என்று சித்தி தொடங்கியதும், மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பிடிச் சொல்லாத அம்மிணி, இங்க சொல்லக் கூடாது. பேசாமக் கெளம்பு" என்று அதட்டினார். பொத்தினாலும் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

அறைக்கு வந்து பெட்டியை மூடினேன். ராத்திரியோடு ராத்திரியாக நடந்தாவது இறங்கிவிட வேண்டும் என்று வெறி. இசக்கி கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "சொல்லாமப் போவ விடமாட்டேன்" என்றாள். அதனால் கத்தினேன். எங்கம்மா கல்யாணம் செய்துகொள்கிறாள், ஒரு பொய்க்காரனோடு, எல்லோரும் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நைட்டி, மூக்குத்தி, விரதம், மண்டபம், தூக்கம். சித்தியைப் பாதிப் பேச்சில் அடக்கியதையும் சொன்னேன். "எழவு வீட்டுலதான் போயிட்டு வர்றேன்னு சொல்லாமக் கிளம்புவாங்க. எங்கப்பா வீடு இன்னும் எழவு வீடாம். அதுல மட்டும் சாஸ்திரம் பாக்கறாங்க" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். இசக்கி சிரிக்கவில்லை. இத்தனை நாளில் அவள் முகத்தைச் சிரிப்பில்லாமல் அப்போதுதான் பார்த்தேன். வேறு யாரோபோல் இருந்தாள்.

"தாரணி, உங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தாவளா?"

"இல்ல. பஸ்லயே..."

"அதான் ஒனக்குத் தெரியல." என் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "எங்கம்மை ரெண்டு வருசம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சா. பாக்க வாரவங்க யாரும் போகையில வாரேன்னு சொல்லப்படாது. மறுபடி அங்க வரணும்னு ஆயிருமாம். ஒரு நா எங்க மாமா மறந்து சொல்லிட்டாவ. அன்னைக்கு ஆச்சி அவியள அடிக்காத கொறதான். சொல்லாமக் கெளம்புத எடம் எழவு வீடு மட்டும் இல்லட்டி. ரெண்டு உண்டு."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூக்குத்தியக் கழட்டச் சொல்லுவாவ. மொத நா சாப்பாடு கெடையாது. நைட்டி முன்னால பட்டன் வச்சதுதான் வேணும், படுத்த வாக்குல மாத்தணும்லா. எங்கம்மைக்கு நாந்தான் மாத்துவேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்கம்மைக்கு ஆப்பரேசன்" என்றாள்.

விடியற்காலைத் துணிகள். ரத்தக் கறை பட்டவையாக இருந்திருக்கும். அவற்றுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்காதே என்று மாமா பதறியதற்கும் கிடைத்துவிட்டது.

இவ்வளவு சந்தேகப்பட்டேனே, இந்த ஒன்றை ஏன் சந்தேகப்படவில்லை? அம்மா என்னை விட்டுப் போகிறாள் என்று எல்லா வழியையும் நினைத்துப் பார்த்தேன். இந்த வழியை மட்டும் என் மூளை தொடவே இல்லை.

மே 2, நாமக்கல்

நேற்று ராத்திரி இசக்கி சொன்ன பிறகு நேராக மேடத்தின் அறைக்குப் போனோம். "எங்கம்மா எங்க?" என்று மட்டும் கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மறைக்கவில்லை.

"நாமக்கல்ல ஒரு ஆஸ்பத்திரிம்மா. கர்ப்பப்பைல கட்டி. காலைல ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அம்மா நல்லா இருக்காங்க. டூர் முடியறவரைக்கும் சொல்ல வேண்டாம்னு கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க. என்னால மறுக்க முடியல."

"அன்னிக்கு வட்டமா உக்கார வச்சுக் கேட்டீங்களே மேடம். எங்க எல்லாருக்கும் எல்லாரும் பொய்தான் சொல்லிருக்காங்கன்னு நீங்களும் கேட்டீங்கதானே."

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "தப்புதான். விடிஞ்சதும் மொத பஸ்" என்றார்.

மேடமும் நானும் கிளம்பினோம். இசக்கி கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். எழுபது வளைவிலும் என் கையைப் பிடித்திருந்தாள். முறுக்கு கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. "நீ போ. நான் இங்கன நிக்கேன். அந்த வாடை எனக்கு ஆவாது" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

மாடி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் செங்கோடன் மாமா உட்கார்ந்திருந்தார். தாடி நரைநரையாக முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தவர், என்ன பொய் சொல்வது என்று தேடுவதுபோல் வாயைத் திறந்தார்.

"மாமா, இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "சொல்றேன். கட்டி பெருசு. கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. ரத்தம் ஏத்தினாங்க. இப்பக் கண்ணு முழிச்சு, பேசறா. எடுத்ததச் சோதனைக்கு அனுப்பிச்சிருக்கறாங்க. கெட்ட கட்டியா நல்ல கட்டியான்னு வரப் பத்து நா ஆகும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மறைக்கறதுக்கு வேற ஒண்ணுமில்ல கண்ணு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரில. வண்டிய நிறுத்தி நிறுத்தி மூணு எடத்துல சொல்லோணும்னு பாத்தேன். வாய் வல்ல. அதான் எதையோ வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து ரோஸ் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மூக்குத்தி. "உங்கம்மா உங்கிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிருக்கறா. ஒருவேளை..." என்று இழுத்தவர், உண்மை சொல்வதாக ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்ததாலோ என்னவோ, வாக்கியத்தை முடித்தார். "ஒருவேளை எதாச்சி ஆயிட்டா."

அம்மா சின்னதாகிப் போயிருந்தாள். பூப்போட்ட நைட்டி தொளதொளவென்று கிடந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைபோல.

"நீ ஒருக்காப் பாத்தது போதும்னு நெனச்சேன் சாமி" என்றாள்.

"நான் எதம்மா பாத்தேன்? என்னை யாரு பாக்க விட்டீங்க? எல்லாம் முடிஞ்ச பொறகுதான எனக்குச் சொன்னீங்க."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். ஒன்பது மாதத்துக்குமாகச் சேர்த்து அழுதேன். ஊசி குத்திய கையாலேயே அம்மா என் தலையைத் தடவினாள். அது அவளுக்கு வலித்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் இளநீரோடு இசக்கி நின்றாள். "வாசல்ல நின்னா வெயிலு" என்றாள். அம்மாவின் தலையணையைப் பார்த்தாள். "இப்படி வச்சாக் கழுத்து வலிக்கும் அத்தே" என்று சரியாகத் தூக்கி வைத்தாள். அவள் கை தானாக வேலை செய்தது. கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது மேடமும் இசக்கியும் எதுவும் சொல்லவில்லை. இசக்கி என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் படி இறங்கினாள். சொல்லாமல் போவதில் இவ்வளவு பாசம் இருக்குமென்று எனக்குத் தெரியாது.

மே 6, கரூர்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவைப் படியேற்றியது மாமாவும் நானும். ஆணியில் அப்பாவின் சட்டை அப்படியே இருந்தது.

அம்மா பத்து தரமாவது, "எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். "அது உனக்குத் தெரியாதும்மா" என்றேன். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, அவளுக்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

மே 8

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. பாஸ். கீழ்வீட்டு அக்கா வந்து கேட்டபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது. நாங்கள் வேறு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

மே 10

மாமா முருங்கைக்காய் கொண்டுவந்தார். அரை மணி நேரம் இருந்தார். கூடவே உட்கார்ந்து கவனித்தேன். இருவரும் பேசியது தையல் பிரிப்பதைப் பற்றியும், பஸ்ஸுக்கு வந்திருக்கும் புதுக் கண்டக்டர் சில்லறை தரத் தெரியாமல் முழிப்பதைப் பற்றியும்தான். ஆனால் போகும்போது அம்மா வாசல்வரை மெதுவாக நடந்து போனாள். அந்தக் கல்யாண விஷயத்தை மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

மே 12

நாமக்கல் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்தார்கள். வராந்தாவில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, "வளர்மதி கூட வந்த பெரியவங்க யாராச்சும் டாக்டரைப் பாருங்க" என்று அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

மாமா எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ போ கண்ணு. நீதான் மொதல்ல கேக்கோணும்."

கதவை நானே தட்டினேன். உள்ளே டாக்டரம்மா பேப்பரைப் பார்த்து, பெரியவளிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசினார். கெட்ட கட்டி இல்லை. மருந்து ஒன்றும் வேண்டாம். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. நான் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் அதையேதான் சொன்னார். நான்காவது தரமும் கேட்டேன்.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தையே ஆராய்ந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்ல கட்டிதான்."

"சும்மா சொல்றியா?"

"நெசம்மா."

"எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றே. உம் மொகமே செரியில்ல. அண்ணா, நீங்க போயி ஒருக்காக் கேட்டுட்டு வாங்க."

மாமா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "நெசந்தான் தங்கச்சி" என்றார். அம்மா அவர் முகத்தையும் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பையிலிருந்த ரோஸ் காகிதத்தைப் பிரித்து மூக்குத்தியை அங்கேயே நான் போட்டுவிட்டேன். துளை கொஞ்சம் தூர்ந்திருந்தது. "குத்துது" என்றாள் அம்மா. "குத்தட்டும்" என்றேன்.

அந்த நர்ஸ் எதிரே வந்தாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்ல வாயெடுத்த அம்மாவை மாமா முறைத்தார். மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம். ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கினோம்.

வாசலில் அம்மாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு மாமா எங்கோ போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு ரோஸ்மில்க். என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு மாமா?"

"சும்மாதான் கண்ணு. வெயிலு."

ஆட்டோவுக்குள் திரும்பிப் பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருந்தாள். வெயில் பட்டு மூக்குத்தி மின்னியது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரமும் பார்த்தேன். பிறகு வாங்கிக் குடித்தேன். பாதிக்கு வந்ததும் அம்மா, "எனக்குக் குடு" என்று கையை நீட்டினாள்.